சோணைச்செட்டை வேண்டாம், புயச்செட்டை வைப்போம்

> "கதுப்புத் துடுப்பு மீன்", அல்லது உங்கள் இலங்கை வழக்கில் "சோணைச்செட்டை மீன்" என்று முடித்துவிடலாமே?

அண்ணன், ஆங்கிலத்தில் lobe-finned fish என்கிற மீன் கூட்டத்துக்கு நீங்கள் சொல்லும் இந்தத் தமிழ்ப் பெயர் இரண்டுமே எனக்கு இடிக்கிறது. நான் ஹட்டனுக்குப் பக்கத்தில் ஒரு தோட்டப் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். போன கிழமை பத்தாம் தரத்தில் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்த, எப்போதோ அழிந்துபோன ஹைனேரியா என்ற மீனின் உயிர்ச்சுவட்டுப் படத்தைக் காட்டி, சோணைச்செட்டை என்று சொல்லி வாய் மூடவில்லை, ஒரு பையன் தன் காது மடலின் நுனியைப் பிடித்து ஆட்டி "இதுவா சேர்?" என்றான். அவனில் பிழையில்லை. சோணை என்றால் எங்களுக்குக் காதுச்சோணைதான், அதில் எலும்பே கிடையாது. இந்த மீனின் சங்கதியோ எலும்பில்தான் இருக்கிறது.

அன்றிரவு காசல்ரீ டேமில் பிடித்த திலாப்பியா ஒன்றைக் கழுவும்போது நெஞ்சுச் செட்டையை இழுத்துப் பார்த்தேன். விசிறி மாதிரி மெல்லிய கதிர்கள் மட்டும் கையோடு வந்தன, சதை உடம்பிலேயே நின்றுவிட்டது. நாம் பேசுகிற கூட்டத்தில் தசை செட்டைக்கு உள்ளேயே இருக்கிறது, அதை உடம்போடு பொருத்துவது ஒரே ஒரு எலும்பு, நம் மேற்கையின் புயவென்புக்கு நிகரானது. ஹைனேரியாவின் உறவு மீன்களில் அதை அடுத்து நம் முன்கையின் ஆரை, அரந்தி எலும்புகளுக்கு நிகரான இரண்டும் வருகின்றன. 1938இல் தென்னாப்பிரிக்கக் கடலில் உயிரோடு அகப்பட்ட, இதே கூட்டத்துச் சீலகாந்து மீனும் சரி, நுரையீரல் மீனும் சரி, அந்த ஒற்றை எலும்பில் மாறுவதில்லை. அதனால்தான் சொல்கிறேன், "புயச்செட்டை மீன்".

இந்தக் கூட்டத்தின் விஞ்ஞானப் பெயரான Sarcopterygii என்பதன் கிரேக்க வேரைப் பார்த்து "சதைச்செட்டை" என்று ஒருவர் எழுதியிருந்தார். பொரித்துத் தின்னச் சொல்வது போல இருக்கிறது.

ஹைனேரியாவைத் தமிழாக்கும் யோசனையும் வேண்டாம். அது பென்சில்வேனியாவில் உள்ள ஹைனர் என்ற ஊரின் பெயர், 1968இல் வைத்தது. பழைய ஆற்றுப் படிவுகளில் கிடைத்த இரைகௌவி அது. ஹட்டனைத் தமிழில் என்னவென்று சொல்வீர்கள்? 2023இல் தென்னாப்பிரிக்காவின் மக்காண்டா பக்கத்திலிருந்து இன்னோர் இனத்தை விவரித்தார்கள், சுமார் 36 கோடி ஆண்டு பழையது, 2.7 மீற்றர் வரை நீளம். அதற்கு அந்த மண்ணின் கோசா மொழியிலேயே, 'மற்றவற்றைத் தின்பது' என்ற பொருளில், உட்லெசின்யே என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பொருளை ஒருமுறை சொல்லிவிட்டு, பெயரை அப்படியே எழுதுவோம்.

செட்டை உங்கள் பக்கம் சிறகு போலக் கேட்கும் என்றால் புயத்துடுப்பு என்று மாற்றிக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபனை இல்லை. புயத்தை மட்டும் விட்டுத்தர மாட்டேன்.