'யங் மேன் வித் எ ஹார்ன்' டிவிடி: சுருதி இடிக்கிறது, படமும் 5 நிமிடம் குறைகிறது

கேள்வி:
வணக்கம். கிர்க் டக்ளஸ் ட்ரம்பெட் கலைஞராக நடித்த 1950ஆம் ஆண்டுப் படம் இது. ட்ரம்பெட் கற்றுக்கொண்டு மூன்று வருடம் ஆகிறது. அந்த வாசிப்போடு சேர்ந்து வாசித்துப் பழகலாம் என்று டிவிடி வாங்கினேன். ஆனால் சுருதியே சேரவில்லை. ட்யூனரை (சுருதி காட்டும் கருவி) வைத்துப் பார்த்தால் எல்லாச் சுரமும் 30 சென்ட் (ஓர் அரைச்சுரம் 100 சென்ட்) இறங்கி நிற்கிறது. ட்யூனிங் ஸ்லைடை, அதாவது சுருதியை இறக்க இழுக்கும் குழாயை, வெளியே இழுத்துச் சரிசெய்தால் சேர்கிறது, ஆனால் எளிய வரிக்குக்கூட 2-3, 1-2-3 என்று வால்வுகளை அழுத்த வேண்டியிருந்து விரல் பின்னிக்கொள்கிறது.

இன்னும் இரண்டு சந்தேகம். சில இடங்களில் விரலும் ஒலியும் ஒட்டவில்லை. அப்புறம், படம் 112 நிமிடம் என்கிறார்கள், என்னிடம் 107தான் ஓடுகிறது. முடிவும் சட்டென்று வருகிறது. வெட்டிய பிரதியா?

பதில் 1:
உங்கள் டிவிடி பால் (PAL) என்ற தொலைக்காட்சி முறையில் எடுத்ததா என்று பாருங்கள். திரைப்படம் நொடிக்கு 24 சட்டகம், பால் 25. பழைய படங்களை அதில் ஏற்றும்போது பெரும்பாலும் அப்படியே வேகமாக ஓட்டிவிடுவார்கள். 112ஐ 24ஆல் பெருக்கி 25ஆல் வகுத்தால் 107.5. ஒரு காட்சியும் போகவில்லை.

சுருதிக்கும் அதுதான் காரணம். 4 சதவீத வேகம் ஒலியைச் சுமார் 70 சென்ட் ஏற்றிவிடும். ட்யூனர் அதை அடுத்த அரைச்சுரத்துக்கு 30 குறைவு என்று காட்டுகிறது. இறங்கவில்லை தம்பி, ஏறியிருக்கிறது. ஸ்லைடை இழுத்ததும் நீங்கள் அரைச்சுரம் தள்ளி வாசிக்க ஆரம்பித்துவிட்டீர்கள், அதனால்தான் விரல் பின்னுகிறது. கணினியில் போட்டு வேகத்தை 0.96 ஆக்குங்கள். சுருதியை மாறாமல் காக்கும் வசதியை மறக்காமல் நிறுத்திவிடுங்கள். அது இருந்தால் படம் மெதுவாகும், சுருதி இறங்காது.

பதில் 2:
விரல் விஷயத்துக்கு நான் சொல்கிறேன். பேசும் காட்சியில் உதட்டைக் கவனியுங்கள். உதடும் பேச்சும் ஒட்டினால் டிவிடி சரிதான். டக்ளஸுக்காக ட்ரம்பெட் வாசித்தவர் ஹாரி ஜேம்ஸ். டக்ளஸ் விரல் வைக்கப் பழகிக்கொண்டு நடித்தார். ஆகவே காதை நம்பிப் பழகுங்கள், விரலைப் பார்த்துப் பழக வேண்டாம்.

முடிவு சட்டென்று வருவதாக எனக்கும் தோன்றியிருக்கிறது. டாரதி பேக்கர் 1938இல் எழுதிய நாவலில் நாயகன் இறந்துவிடுகிறான். படத்தில் அவனைப் பிழைக்க வைத்துவிட்டார்கள். நாவலுக்குத் தூண்டுதலாக இருந்த ஜாஸ் கலைஞர் பிக்ஸ் பைடர்பெக்கும் பிழைக்கவில்லை. குடியால் உடல் கெட்டு 1931இல் நியூயார்க்கில் இறந்தபோது அவருக்கு வயது 28. அவர் வாசித்தது ட்ரம்பெட் போன்ற கார்னெட். பியானோ வாசிக்கும் நண்பராக வந்து கதை சொல்கிறாரே, ஹோகி கார்மைக்கேல், அவர் நிஜத்திலும் பிக்ஸின் நண்பர். இதைத் தெரிந்துகொண்டபின் அவர் முகம் வரும் காட்சிகளை என்னால் சாதாரணமாகப் பார்க்க முடியவில்லை.

கேட்டவர்:
மிக்க நன்றி சார், இருவருக்கும். உறையின் பின்பக்க ஓரத்தில் பால் என்று பொடி எழுத்தில் இருக்கிறது. முதலில் 0.96 மட்டும் வைத்தேன், மாறவில்லை. அந்த வசதியை நிறுத்தியதும் ட்யூனர் முள் நடுவுக்கு வந்துவிட்டது. ஸ்லைடை விரற்கடை அளவு இழுத்து வைத்திருந்தேன், பழைய இடத்துக்கே தள்ளிவிட்டேன். உதடு சரியாக ஒட்டுகிறது.

முதல் வரியை மட்டும் இருபது முறை வாசித்திருப்பேன். ஹாரி ஜேம்ஸின் ஒலி அகலமாக, லேசாக அதிர்ந்துகொண்டு வருகிறது. என்னுடையது இன்னும் மெலிந்துதான் இருக்கிறது. நாளை காலை நீண்ட சுரங்களில் ஆரம்பிக்கிறேன்.