நடந்துகொண்டே உளவியல் ஆலோசனை: கல்லூரி வளாகத்தில் எப்படி நடத்துவது?

செவ்வந்தி:
18 முதல் 22 வயதுப் பிள்ளைகளுக்கான கல்லூரி ஆலோசனை மையம். அறைக்குள் உட்கார்ந்தால் வாயே திறக்காத சிலரை மரத்தடிப் பாதையில் நடந்தபடி பேசவைக்கலாமா? அமர்வை எப்படி அமைப்பது? யாரை அழைத்துப் போகக் கூடாது?

மருதம்:
தாராளமாக. ஆனால் முதல் அமர்வு அறையிலேயே நடக்கட்டும். தற்கொலை எண்ணம், சாப்பிடும் மாத்திரை, வலிப்பு, ஆஸ்துமா, குளவி கொட்டினால் ஒவ்வாமை என எல்லாவற்றையும் அங்கேதான் நிதானமாகக் கேட்க முடியும். தற்கொலை எண்ணம் தீவிரமாக இருப்பவரையும், யாருமில்லாமல் குரல் கேட்பவரையும் நடைக்கு அழைக்காதீர்கள். அன்றே மனநல மருத்துவரிடம் அனுப்புங்கள்.

அமர்வு நடக்கப்போகும் அதே நேரத்தில் பாதையை ஒருமுறை நடந்து பாருங்கள். காலையில் ஆளரவமே இல்லாத இடத்தில் மாலை நாலு மணிக்குக் கபடிப் பயிற்சி நடக்கும். கிணறு, குளக்கரை வேண்டாம். அழுகை வந்தால் ஒதுங்கி உட்கார நிழலில் ஒரு பெஞ்சு அவசியம்.

50 நிமிடத்தில் முதல் 10 பேச்சில்லாமல், காலடியையும் சுற்றியுள்ள ஒலியையும் கவனித்து நடப்பது. அடுத்த 25 பேச்சு. நடை வேகம் அவர் விருப்பம். மீதி 15 உட்கார்ந்து. இதை மட்டும் விட்டுவிடாதீர்கள். முகம் பார்த்துப் பேச வேண்டியதில்லை என்பதுதான் அவர்களைப் பேசவைக்கிறது. அதனாலேயே கண் கலங்கியது நமக்குத் தெரியாமல் போகிறது.

எதிரே வகுப்புத் தோழன் வந்தால் நிற்பதா, பேச்சை மாற்றுவதா என்று முன்கூட்டியே அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். எழுத்தில் ஒப்புதலும் வேண்டும். 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டப்படி ரகசியம் அவருடைய உரிமை. வெளியே நடந்தாலும் அது மாறாது.

நொச்சி:
இருமுனைக் கோளாறு போன்றவற்றுக்குக் கொடுக்கும் லித்தியம் மாத்திரை சாப்பிடுபவரிடம் கவனம். வெயிலில் வியர்த்து உடலில் நீர் குறைந்தால் ரத்தத்தில் மருந்தின் அளவு ஏறும். கை நடுக்கம் கூடுவது, வாந்தி, தள்ளாட்டம் கண்டால் உடனே மருத்துவமனைதான். பீதித் தாக்குதல் உள்ளவர்களுக்குத் தொடக்கத்தில் சமதளம் போதும். மேட்டில் ஏறும்போது வரும் படபடப்பையே தாக்குதல் என்று நினைத்துப் பயந்துவிடுவார்கள்.

செவ்வந்தி:
நன்றி. நிர்வாகம் ஆதாரம் கேட்கும். எதைக் காட்டுவது?

மருதம்:
இங்கிலாந்தில் சுமார் 20,000 பேரிடம் எடுத்த தரவை வைத்து 2019இல் வெளியான ஆய்வு இருக்கிறது. வாரத்தில் மொத்தம் 120 நிமிடமாவது இயற்கைச் சூழலில் கழித்தவர்களிடம் நல்ல உடல்நலமும் மனநிறைவும் கூடுதலாகத் தெரிந்தன. ஆனால் அது தொடர்பை மட்டுமே காட்டுகிறது, சிகிச்சையைச் சோதித்ததல்ல. ஆகவே ‘மனச்சோர்வு குணமாகும்’ என்று எழுதிக் கொடுக்காதீர்கள். தொடங்கும்போதும் நாலு வாரத்துக்கு ஒருமுறையும் மனச்சோர்வை அளக்கும் ஒன்பது கேள்விகள் கொண்ட பி.எச்.கியூ-9 வினாத்தாள் நிரப்பச் சொல்லி, உங்கள் மையத்தின் மதிப்பெண்களையே காட்டுங்கள், பெயரில்லாமல். சாவு, தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் பற்றிய ஒன்பதாவது கேள்விக்குப் பூஜ்யம் தவிர எது வந்தாலும் அன்று நடை வேண்டாம், அறையில் உட்கார்ந்து விசாரியுங்கள்.