ஹாலோங் விரிகுடா: படகில் இரண்டு இரவு தங்கத்தான் வேண்டுமா?

மாட்டுங்காவாசி:
தீபாவளி விடுமுறையை ஒட்டி நவம்பரில் வியட்நாம் செல்லத் திட்டமிட்டிருக்கிறோம். நாங்கள் இருவர், கல்லூரியில் படிக்கும் மகள், எழுபதைக் கடந்த மாமனார், மாமியார் என ஐந்து பேர். மும்பையிலிருந்து ஹனோய்க்கு நேரடி விமானம் இருக்கிறது. 25 டாலர் கட்டினால் மின்விசா கிடைத்துவிடுகிறது. கடலுக்குள் சுண்ணாம்புக் குன்றுகள் எழுந்து நிற்கும் ஹாலோங் விரிகுடாவில்தான் சிக்கல். மூன்று பகல், இரண்டு இரவு படகிலேயே தங்கும் திட்டத்தைப் பயண முகவர் விடாமல் பரிந்துரைக்கிறார். ஐந்து பேருக்கு அதற்கு ஆகும் தொகை, மீதிப் பயணத்தின் விடுதிச் செலவு முழுவதையும் விஞ்சுகிறது. அலுவலக நண்பரோ, ஹனோயிலிருந்து காலையில் கிளம்பி இரவுக்குள் திரும்பும் ஒருநாள் பயணமே தாராளம் என்கிறார். இரு தரப்பையும் காரணத்தோடு கேட்க விரும்புகிறேன்.

கடற்காகம்:
உங்கள் நண்பர் சொல்வதே சரி. சரக்குக் கப்பல்களில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். தண்ணீரின் மேல் தூங்குவதில் எனக்குக் கவர்ச்சி இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் என் வாதம் ரசனையைப் பற்றியது அல்ல, மணிக்கணக்கைப் பற்றியது. ஒரு இரவுத் திட்டத்தில் நண்பகலில் படகில் ஏற்றுவார்கள். மறுநாள் காலை ஒன்பது மணி வாக்கில் அறையைக் காலி செய்யச் சொல்லி, பதினொன்றுக்குள் கரையில் இறக்கிவிடுவார்கள். இடையில் ஒரு குகை, சோவியத் விண்வெளி வீரர் தித்தோவ் 1962இல் வந்து போனதால் அவர் பெயரைப் பெற்ற தித்தோப் தீவு, கொஞ்ச நேரம் கயாக் என்னும் சிறு துடுப்புப் படகு. மற்றதெல்லாம் சாப்பாடும், அரிசித்தாளில் காய்கறி சுருட்டக் கற்றுத்தரும் வகுப்பும், இரவில் படகின் ஓரத்தில் விளக்கைத் தொங்கவிட்டுக் கணவாய் மீன் பிடிப்பதும்தான். நேரத்தை நிரப்புவதற்காகவே கண்டுபிடிக்கப்பட்ட வேலைகள் இவை.

இரவில் மலை தெரியாது. படகுகள் தமக்கு ஒதுக்கப்பட்ட இடங்களில்தான் நங்கூரமிட வேண்டும் என்பதால், அடுத்த படகின் கரோக்கேயும் உங்கள் படகின் ஜெனரேட்டரும் விடிய விடிய ஒலித்துக்கொண்டிருக்கும். அந்தப் பணத்தில் விரிகுடாவை ஒரு பகலில் பார்த்துவிட்டு, ஹனோய்க்குத் தெற்கே சுமார் இரண்டு மணி நேரத் தொலைவில் இருக்கும் நின் பின் சென்று, அங்குள்ள திராங் ஆன் நீர்வழிகளில் துடுப்புப் படகில் ஏறுங்கள். அங்கும் அதே சுண்ணாம்புக் குன்றுகள்தான். இயந்திர ஓசை கிடையாது.

செம்பூர்வாசகி:
கடற்காகம் ஐயா ஒரு இரவுத் திட்டத்தைத்தான் விமர்சித்திருக்கிறார். கேள்வி இரண்டு இரவைப் பற்றியது. ஒரு இரவுத் திட்டம் மோசம் என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை, ஏனென்றால் அது பகல் பயணத்தின் நெரிசலையும் இரவுப் பயணத்தின் செலவையும் ஒருசேரத் தருகிறது. இரண்டு இரவுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. நடுநாள் முழுவதும் உங்கள் கையில் இருப்பதால், அன்று ஒரு சிறிய படகில் ஏற்றி, கரையிலிருந்து காலையில் புறப்படும் படகுகள் எட்டாத உட்பகுதிகளுக்கு அழைத்துச் செல்கிறார்கள்.

ஒருநாள் பயணத்தின் கணக்கையும் பார்ப்போம். ஹைஃபாங் வழியாகச் செல்லும் விரைவுச்சாலை 2018இல் முழுமை பெற்ற பிறகும், ஹனோயிலிருந்து போக இரண்டரை மணி நேரம், வர இரண்டரை மணி நேரம் ஆகிறது. முதியவர்களை ஐந்து மணி நேரம் வேனில் உட்கார வைத்துவிட்டு, எல்லாப் படகுகளும் ஒரே குகை வாசலில் வரிசை கட்டும் உச்சிவெயில் நேரத்தில் மலையைக் காட்டுவது என்ன நியாயம்? வெயில் நேர்மேலே நிற்கும்போது அந்தக் குன்றுகள் தட்டையாகத் தெரியும். காலை ஆறு மணிச் சாய்ந்த ஒளியில்தான், ஒன்றன்பின் ஒன்றாக ஏழெட்டு வரிசை மலைகள் இருப்பதே கண்ணுக்குப் புலப்படும்.

இன்னொன்று, பலர் கவனிக்காதது. நம் மும்பையில் கடலேற்றம் ஒரு நாளைக்கு இருமுறை வரும். மழைக்காலத்தில் அந்த நேரத்தைப் பார்த்துத்தான் வெளியே கிளம்புகிறோம். ஹாலோங் அமைந்திருக்கும் டோங்கின் வளைகுடாவில் பெரும்பாலான நாட்களில் ஒரே ஒரு ஏற்றம், ஒரே ஒரு இறக்கம்தான். ஒவ்வொரு குன்றின் அடியிலும், நீர்மட்டத்தை ஒட்டி, கடல் அரித்த ஓர் உள்வாங்கல் சுற்றிலும் ஓடுகிறது. தண்ணீர் ஏறியிருக்கும்போது மலை நேராகக் கடலிலிருந்து எழுவது போலத் தோன்றும். இறங்கிய பிறகு பார்த்தால், சிப்பி அப்பிய கருத்த பாறை வெளியே வந்து, மேலே இருக்கும் மலை முழுவதும் ஒரு மெலிந்த கழுத்தின் மேல் நிற்கும். கயாக்கில் நுழையும் தாழ்ந்த குகைவழிகளில் எவ்வளவு தலை குனிய வேண்டும் என்பதையும் அந்த நீர்மட்டமே தீர்மானிக்கிறது. நான்கைந்து மணி நேரம் மட்டும் இருப்பவர் இதில் ஒரு நிலையைத்தான் பார்ப்பார்.

கடற்காகம்:
ஓதத்தை, அதாவது கடலின் ஏற்ற இறக்கத்தைப் பற்றி அம்மா எழுதியது சரியான செய்தி, ஆனால் பாதிச் செய்தி. அந்த வளைகுடாவில் ஏற்ற இறக்கத்தின் அளவு, சந்திரன் நிலநடுக்கோட்டிலிருந்து எவ்வளவு வடக்கிலோ தெற்கிலோ விலகி நிற்கிறது என்பதைப் பொறுத்தது. விலகல் மிகும் நாட்களில் மூன்று மீட்டருக்கு மேல் ஏறி இறங்கும் அதே நீர், சந்திரன் நடுக்கோட்டைக் கடக்கும் நாட்களில் அசைவதே தெரியாமல் கிடக்கும். அத்தகைய நாளில் போய்ச் சேர்ந்தால் இரண்டு இரவு தங்கினாலும் அந்த மெலிந்த கழுத்தைப் பார்க்க முடியாது. முகவர்கள் யாரும் ஓத அட்டவணையைப் பார்த்துத் தேதி கொடுப்பதில்லை.

சயான் ஆசிரியர்:
புவியியல் கற்பிப்பவன் என்ற முறையில் ஒரு திருத்தம். திராங் ஆனிலும் அதே குன்றுகள்தான் என்பதை அப்படியே ஏற்க இயலாது. பாறை சுண்ணாம்புதான், கரியமில வாயுவைச் சுமந்த மழைநீர் கோடிக்கணக்கான ஆண்டுகளாகக் கரைத்துச் செதுக்கியதும் ஒரே முறையில்தான். ஹாலோங்கில் கடைசிப் பனியுகத்துக்குப் பிறகு கடல்மட்டம் உயர்ந்து, குன்றுகளுக்கு இடையில் இருந்த சமவெளியும் பள்ளத்தாக்கும் மூழ்கின. திராங் ஆனிலோ உள்ளே வந்த கடல் பின்வாங்கிவிட்டது. இன்று வயலுக்கு நடுவில் நிற்கும் சில குன்றுகளின் அடியில் பழைய கடல் அரித்த தழும்பு அப்படியே இருக்கிறது. ஒன்று மூழ்கியிருக்கும் நிலம், மற்றது மூழ்கி எழுந்த நிலம். ஒன்றைப் பார்த்தவர் மற்றதைப் பார்க்க வேண்டியதில்லை என்று சொல்ல முடியாது.

மேலும், ஹாலோங் என்று எல்லோரும் பொதுவாகச் சொல்வது மூன்று நீர்ப்பரப்புகளை. நடுவில் ஹாலோங், வடகிழக்கில் பாய் து லோங், தெற்கில் காட் பா தீவை ஒட்டிய லான் ஹா. யுனெஸ்கோ 1994இல் அழகுக்காகவும் 2000இல் நிலவியல் மதிப்புக்காகவும் ஹாலோங்கைப் பட்டியலில் சேர்த்தது. 2023இல்தான் எல்லையை விரித்து காட் பா தீவுக்கூட்டத்தையும் இணைத்தது. உலகில் வேறெங்கும் இல்லாத காட் பா லங்கூர் குரங்குகள், நூறுக்கும் குறைவாக, அந்தத் தீவில்தான் வாழ்கின்றன. முகவரிடம் எத்தனை இரவு என்று கேட்பதற்கு முன் எந்த நீர் என்று கேளுங்கள்.

டோம்பிவிலி லோக்கல்:
தங்கும் ஒவ்வொருவரின் கழிவும் எங்கே போகிறது என்று இதுவரை யாரும் கேட்கவில்லை. மிதக்கும் வீடுகளில் தலைமுறைகளாக வாழ்ந்த மீனவக் குடும்பங்களை, விரிகுடாவின் தூய்மையையும் அவர்களுடைய வாழ்க்கைத் தரத்தையும் காரணம் காட்டி 2014இல் கரையில் குடியேற்றினார்கள். இன்று கூவா வான், வுங் வியெங் என்று நமக்குக் காட்டப்படும் மிதக்கும் ஊர்களில் பெரும்பாலும் சுற்றுலாதான் மிதக்கிறது. மீனவரின் அடுப்பு விரிகுடாவுக்கு ஆகாது, ஆனால் குளிரூட்டிய அறையும் குளியல் தொட்டியும் கொண்ட படகுகள் ஆகும் என்பது எனக்குப் புரியாத கணக்கு. 2019இல் ஒருமுறை பயன்படுத்தும் ஞெகிழிப் பொருட்களைச் சுற்றுலாப் படகுகளில் தடை செய்தார்கள், நல்லது. ஆனாலும் மிதக்கும் மீன், சிப்பிப் பண்ணைகளிலிருந்து பிய்ந்த வெண்ணிற நுரைப்பஞ்சுத் துண்டுகள் பாறை இடுக்குகளில் அடைந்து கிடப்பதை நான் பார்த்தேன். பாய் து லோங் பக்கம் போனால் காம் ஃபா நகரின் நிலக்கரித் துறைமுகமும் தெரியும்; விளம்பரப் படங்களில் அதை வெட்டிவிடுவார்கள்.

செம்பூர்வாசகி:
நீங்கள் சொல்லும் குறை இரவுப் படகுக்கு மட்டும் உரியதல்ல. ஒரு நாளில் வந்து போகும் ஆயிரக்கணக்கானோரும் அதே நீரில்தான் மிதக்கிறார்கள். கழிவுநீரைத் தொட்டியில் சேமித்துக் கரையில் இறக்கும் வசதி இருக்கிறதா என்று முன்பதிவின்போது எழுத்தில் கேளுங்கள். பதில் சொல்லாத நிறுவனத்தை விட்டுவிடலாம்.

முலுண்ட் மாமி:
பெரியவர்கள் சைவமா என்று மாட்டுங்காவாசி சொல்லவில்லை. சைவமாக இருந்தால், மீன்சாறு வேண்டாம் என்பதைத் தனியாக, தெளிவாக எழுதிக் கொடுக்க வேண்டும். இறைச்சி இல்லை என்றால் போதும் என்று நினைத்து, கீரை வதக்கலில் அதைச் சேர்த்துவிடுவார்கள். அங்கே பௌத்தர்கள் பலர் அமாவாசையிலும் பௌர்ணமியிலும் சைவம் உண்பதால், சமையல்காரர்களுக்கு விஷயம் விளங்கும். பருப்புப்பொடியும் சின்ன நெய் டப்பாவும் பெட்டியில் இருந்தால், சோறு எப்படியும் கிடைக்கும், மாமியார் சமாளித்துவிடுவார்கள். தித்தோப் உச்சிக்கு நானூறு படிகளுக்கு மேல் ஏற வேண்டும்; சுங் சோட் குகையிலும் படிகள் உண்டு. மாமனாருக்கு முழங்கால் எப்படி என்று பார்த்துக்கொள்ளுங்கள். அவர் படகின் மேல்தளத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தே எல்லாவற்றையும் பார்க்கலாம் என்பதால், என் ஓட்டு இரவுப் படகுக்கே.

மாட்டுங்காவாசி:
சைவம்தான், நன்றி மாமி. மாமனாருக்கு முழங்கால் வலி உண்டு. இப்போது என் கவலை பாதுகாப்பு. 2025 ஜூலையில் படகு கவிழ்ந்த செய்தியை மாமியார் மறக்கவில்லை.

கடற்காகம்:
மறக்கவும் கூடாது. அன்று திடீரென்று வந்த சூறைக்காற்றில் 49 பேருடன் சென்ற படகு கவிழ்ந்து, முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். விரிகுடாவில் அலை குறைவு என்பதை எல்லோரும் சொல்வார்கள். குன்றுகள் அணைகட்டி நிற்பதால் அது உண்மையும்கூட. ஆபத்து அலையில் இல்லை, காற்றில் இருக்கிறது. இந்தப் படகுகளுக்கு நீருக்கடியில் இருக்கும் பகுதி ஆழமில்லாதது. அதன்மேல் இரண்டு, மூன்று தளங்களைக் கண்ணாடிச் சுவருடன் அடுக்குகிறார்கள். பக்கவாட்டில் அறையும் காற்றுக்கு அந்தச் சுவர் முழுவதும் பாய்மரமாகிவிடும்.

செம்பூர்வாசகி:
அது பிற்பகலில் சென்ற பகல் படகு, ஐயா. கோடைகால இடிமழையில் நடந்த விபத்து. நீங்கள் பரிந்துரைக்கும் ஒருநாள் பயணத்துக்கு எதிரான சாட்சியாகத்தான் அதைக் கொள்ள முடியும்.

கடற்காகம்:
இரவுக்கு எதிரான சாட்சி வேண்டுமென்றால் 2011 பிப்ரவரியை எடுத்துக்கொள்ளுங்கள். தித்தோப் தீவருகே நங்கூரமிட்டிருந்த படகில், விடியலுக்கு முன் ஐந்து மணியளவில், பயணிகள் தூங்கிக்கொண்டிருந்தபோது தண்ணீர் புகுந்தது. காற்றும் இல்லை, அலையும் இல்லை. 12 பேர் இறந்தார்கள். பகலில் விழித்திருப்பவனுக்கு ஒரு நிமிடமாவது கிடைக்கும். கீழ்த்தளத்து அறையில், தாழிட்ட கதவுக்குப் பின்னால், முழங்கால் வலியோடு தூங்கும் எழுபது வயதுக்காரருக்கு அது கிடைக்காது. என் மறுப்பின் மையம் இதுதான். கரோக்கே எல்லாம் அதற்குப் பிறகு.

போவதென்றே முடிவு செய்தால், எஃகு உடல் கொண்ட படகாகத் தேர்ந்தெடுத்து, பெரியவர்களுக்கு மேல்தளத்தில், வெளிநடைக்கு நேராகக் கதவு திறக்கும் அறையாக வாங்குங்கள். உயிர்காப்பு அங்கி கட்டிலுக்கு அடியில் இருக்கிறதா என்று ஏறியவுடன் பார்த்து, ஒருமுறை அவர்களுக்குப் போட்டுக் காட்டுங்கள். இரவுக் காவலுக்கு ஊழியர் விழித்திருப்பாரா என்று கேளுங்கள். இதைக் கேட்டுச் சிரிக்கும் மேலாளரின் படகில் ஏறாதீர்கள்.

சயான் ஆசிரியர்:
மாதத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஜூன் முதல் செப்டம்பர் வரை இடிமழையும் புயலும் வரும் காலம். 2024 செப்டம்பரில் யாகி புயல் ஹாலோங் இருக்கும் குவாங் நின் மாகாணத்தின் கரையையும் ஹைஃபாங் கரையையும் தாக்கியபோது சுற்றுலாப் படகுகள் பல கட்டிய இடத்திலேயே மூழ்கின. பிப்ரவரி, மார்ச்சில் தூறலும் பனிமூட்டமும் மலைகளை மறைத்துவிடும். நவம்பர் பொதுவாகத் தெளிவாக இருக்கும். ஆனாலும் வானிலை கெட்டால் துறைமுக அதிகாரிகள் படகுகளை நிறுத்திவிடுவார்கள், அதில் இரவுப் பயணங்கள் முதலில் அடிபடும். பணம் எவ்வாறு திரும்பும் என்பதை முன்பே எழுத்தில் வாங்குங்கள். படகுப் பயணம் முடிந்த அன்றே திரும்பும் விமானத்தையும் வைக்காதீர்கள்.

மாட்டுங்காவாசி:
வீட்டில் பேசினோம். லான் ஹா பக்கம் செல்லும் எஃகுப் படகு ஒன்றில் இரண்டு இரவு கேட்டிருக்கிறேன். பெரியவர்களுக்கு மேல்தள அறை இல்லையென்றால் வேண்டாம் என்று முகவரிடம் சொல்லிவிட்டேன். நின் பின்னுக்கும் ஒரு நாள் ஒதுக்கியிருக்கிறேன். கழிவுநீர்க் கேள்விக்கு நிறுவனத்திடமிருந்து இன்னும் பதில் வரவில்லை.

டோம்பிவிலி லோக்கல்:
வந்தால் இங்கே அப்படியே ஒட்டுங்கள்.

கடற்காகம்:
நான் என் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. ஐந்து பேருக்கான அந்தத் தொகையில் லான் ஹாவின் கரையிலேயே, காட் பா தீவில் நல்ல விடுதி எடுத்து, விடியற்காலையில் சிறு படகு அமர்த்தி அதே ஆறு மணி ஒளியைப் பார்த்துவிட்டு, இரவில் தரையில் தூங்கலாம். இதை ஏன் யாரும் பரிசீலிக்கவில்லை என்பது எனக்கு விளங்கவில்லை. தேதியை உறுதி செய்ததும் சொல்லுங்கள். அந்த வாரத்தின் ஓத அட்டவணையை எடுத்துத் தருகிறேன்.