பட்டன் பட்டன்னு மட்டும் சொல்லுதாம், என்ன பண்றது?

தறிக்காரன்: சித்தப்பாவோட சேலைக்கடைக்கு நான்தான் சைட் போட்டுக் குடுத்தேன். நேத்து பார்வை இல்லாத ஒரு கஸ்டமர் போன் பண்ணி, "தம்பி, திரையில இருக்கறதைப் படிச்சுச் சொல்ற என்விடிஏ சாஃப்ட்வேரைப் போட்டா உங்க பக்கம் முழுக்க பட்டன், பட்டன்னு மட்டும்தான் சொல்லுது, கூடை எதுன்னே தெரியல"ங்கறார். எங்க தப்பு?

ராக்கோழி: நானும் என்விடிஏதான் யூஸ் பண்றேன். வெறும் ஐகான் வச்சிருப்பீங்க, உள்ள பேர் இருக்காது. கோட்ல பட்டனோட ஏரியா-லேபிள்ல (aria-label, என்விடிஏ படிக்கற பேர்) "கூடையில் சேர்"னு எழுதுங்க. படத்துக்குப் பதிலா படிக்கற ஆல்ட் (alt) விவரத்துல "சேலை 1"னு போட்டா பிரயோஜனமே இல்ல, கலர், பார்டர் சொல்லுங்க, நாங்களும் பாத்துதான வாங்கணும் 😄 அப்புறம் பேஜோட லாங் (lang, மொழிக் குறி) இங்கிலீஷ்லயே கெடந்தா தமிழையும் இங்கிலீஷ் குரல்லயே படிக்கப் பாத்து உளறும், அதை தமிழுக்கான டிஏன்னு (ta) மாத்துங்க.

தறிக்காரன்: அட, டெம்ப்ளேட்ல இங்கிலீஷ்னுதான் இருக்கு. விலைப்பட்டியல் மட்டும் பழைய பாமினி ஃபான்ட்ல அடிச்சது, அது பரவால்லயா?

ராக்கோழி: ஐயோ வேணாங்க. பாமினில "அம்மா" உங்க கண்ணுக்குத்தான் அம்மா, உள்ள இருக்கறது எம், கே, செமிகோலன், கே, ஹெச். எங்களுக்கு அதான் கேக்கும். யூனிகோடுக்கு மாத்திடுங்க.

வெட்டிவேர்: மவுஸைக் கழட்டி வச்சுட்டு டேப் கீ மட்டும் தட்டி ஒரு சேலை வாங்கிப் பாருங்க ப்ரோ, பாதி ஓட்டை அங்கயே தெரியும். வெளிர் சாம்பல் எழுத்தையும் தூக்குங்க, எல்லாரும் யூஸ் பண்ற மாதிரி சைட் போடறதுக்கான டபிள்யூசிஏஜி விதிகள்ல, சாதா எழுத்துக்கும் பின்னணிக்கும் 4.5:1 கான்ட்ராஸ்ட் கேக்கறாங்க.

தறிக்காரன்: டேப் தட்டினேன், மெனுவுலயே மாட்டிக்கிட்டேன் 🙏 இன்னிக்கு ராத்திரி தூக்கம் போச்சு.