மறு: நாங் குவாக் சிலையின் கைக்குத் தமிழில் என்ன பெயர்?

நண்பர்களுக்கு வணக்கம். தாய்லாந்துக் கடைகளில் வியாபாரம் செழிக்க வைக்கும் பெண் தெய்வம் நாங் குவாக். அவளையும் அவள் வலக்கையையும் நம் அகராதியில் எப்படிக் குறிப்பது என்ற கேள்விக்கு, வந்த பரிந்துரைகளை எடுத்துக்கொண்டு என் பதில் இது.

> 'தாய்லாந்து லட்சுமி' என்றே போடலாமே, எல்லோருக்கும் புரியும்.

வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. தாய்லாந்தில் லட்சுமி தனியாகவே இருக்கிறாள். பாங்காக்கின் ராச்சபிரசோங் பகுதியில், கேசோர்ன் வணிக வளாகத்தின் 4ஆம் தளத்தில் அவளுக்குச் சன்னதி உண்டு. இவளையும் லட்சுமி என்றால் அவளை எப்படிக் குறிப்போம்? திருமகளின் சாயலும் நெல்லன்னை மே போசோப்பின் சாயலும் நாங் குவாக்கிடம் உண்டுதான். ஆனால் அங்கே சொல்லும் கதை வேறு. பழைய இந்திய நகரமான சிராவஸ்திக்கு அருகே சிறு வணிகர் வீட்டுப் பெண் சுபாவதி. அப்பாவோடு மாட்டுவண்டியில் வியாபாரத்துக்குப் போகிறாள், வழியில் பௌத்தத் துறவி காசியப தேரரிடம் அறம் கேட்டு ஆசி பெறுகிறாள். அதன்பின் அவள் கூடப் போனாலே சரக்கு நன்றாக விற்கிறது. பாற்கடலில் பிறந்தவள் அல்ல, வியாபாரி மகள். அந்த அடையாளத்தை நாம் அழிக்கக் கூடாது. பெயர் நாங் குவாக் என்றே இருக்கட்டும்.

> வலக்கையை அபய ஹஸ்தம் என்று எழுதிவிடலாம்.

அது தவறாகிவிடும். அபயத்தில் உள்ளங்கை நம்மைப் பார்த்திருக்கும், விரல்கள் நிமிர்ந்திருக்கும். இவளுக்கு உள்ளங்கை கவிழ்ந்து, விரல் நுனிகள் கீழே வளைந்திருக்கும். தெருவில் விளையாடும் பிள்ளையை 'இங்கே வா' என்று நாம் கூப்பிடும் அதே கை. கடைகளில் பார்த்தால், கல்லாவுக்குப் பக்கத்தில் சிவப்பு உடுத்தி மண்டியிட்டு இருப்பாள். முன்னால் ஸ்ட்ரா போட்ட சிவப்புக் குளிர்பானப் பாட்டில், பூமாலை. 'குவாக்' என்றாலே கையசைத்து அழைப்பதுதான், பெயரே அந்தக் கையால் வந்தது.

'விளிமுத்திரை' என்ற பரிந்துரை அழகாக இருக்கிறது. ஆனால் விளி என்றதும் எட்டாம் வேற்றுமையும் குரலும் சேர்ந்து வருகின்றன. இங்கே குரல் இல்லை. நம் வைணவக் கோயில்களில் 'ஆஹ்வான ஹஸ்தம்' (அழைப்பைக் காட்டும் கை) என்ற வழக்கு ஏற்கெனவே உண்டு. மாமல்லபுரத்துத் தலசயனப் பெருமாளின் கையை அப்படித்தான் விளக்குகிறார்கள். கையின் அமைப்பு வேறு, கருத்து ஒன்று. அபயத்துக்குக் 'காக்கும் கை' என்கிறோம் அல்லவா, அந்த வரிசையிலேயே இதற்கு 'அழைக்கும் கை' சரியாகப் பொருந்தும். கை தூக்கி அழைக்கும் ஜப்பானியரின் மனெகி நெகோ பூனைப் பொம்மைக்கும் இதே சொல் உதவும்.

மறுப்பு இருந்தால் எழுதுங்கள். இல்லையென்றால் அகராதியில் இப்படிச் சேர்க்கலாம்:

அழைக்கும் கை: வருவோரை அருகே கூப்பிடும் கைந்நிலை. நாங் குவாக் உருவங்களில் உள்ளங்கை கவிழ்ந்தும் விரல்கள் கீழ்நோக்கி வளைந்தும் அமையும்.