தகரக் கூரை வீடு, 30 மீற்றர் தள்ளிக் கொட்டில்: ரிப்பீட்டர் வாங்கவா, வெளி அன்ரனா போடவா?

ஒட்டுசுட்டான்வளவு:
ஒட்டுசுட்டானுக்கு உள்பக்கம், முக்கால் ஏக்கர் வளவு. 4ஜி சிம் ரவுட்டர் நடு அறையில் சோகேசுக்கு மேல இருக்கு. கல்வீடு, கூரை தகரம், யன்னலுக்கெல்லாம் கம்பி. பின்னுக்கு 30 மீற்றர் தள்ளி ஒரு கொட்டில், பிள்ளையள் ஒன்லைன் வகுப்புக்கு அங்கதான் இருக்கிறவை. அங்க வைபை எட்டாது. வீட்டுக்குள்ளயும் இரவில வீடியோ சுத்திக்கொண்டே நிக்குது. ரிப்பீட்டர் (வைபையை வாங்கித் திருப்பி அனுப்புற பெட்டி) ஒண்டு நடுவில மாட்டினால் சரிவருமோ? இல்லாட்டி வெளி அன்ரனாவோ?

முறிகண்டிவயர்:
ரிப்பீட்டரை இப்ப விடுங்கோ. டவரில இருந்து ரவுட்டருக்கு வாறது ஒண்டு, ரவுட்டரில இருந்து போனுக்குப் போறது மற்றது. முதலாவது கிழிஞ்சு கிடந்தால், வைபையை எவ்வளவு தூரம் இழுத்தாலும் அந்தக் கிழிசலைத்தான் இழுக்கிறியள். அதோட மலிவு ரிப்பீட்டர் ஒரே சனலில வாங்கி அதே சனலிலதான் திருப்பி அனுப்பும். வேகம் பாதியாகும்.

முதல்ல அளவெடுங்கோ. மடிக்கணினியை வயரால ரவுட்டரில கொழுவி விடிய 5 மணிக்கும் இரவு 9 மணிக்கும் வேகம் பாருங்கோ. பிறகு ரவுட்டரின்ர பக்கத்தைத் திறவுங்கோ (192.168.1.1 அல்லது 192.168.8.1, அடியில ஒட்டியிருக்கும்). அதில ஆர்எஸ்ஆர்பி (டவர் சிக்னலின்ர பலம்), எஸ்ஐஎன்ஆர் (இரைச்சலை விட சிக்னல் எவ்வளவு மேல நிக்குது எண்டது) எண்டு ரெண்டு இலக்கம் இருக்கும், ரெண்டும் டெசிபெல் கணக்கு. ஆர்எஸ்ஆர்பி -85 நல்லது, -110 எண்டால் விளிம்பு. எஸ்ஐஎன்ஆர் 20 நல்லது, 0க்குக் கிட்டவெண்டால் இரைச்சலுக்குள்ள கதைக்கிற மாதிரி. முன்னுக்கு எரியிற லைற்றுக் கோடுகளை நம்பாதேங்கோ. அதே இலக்கங்களை ரவுட்டரை முற்றத்துக்குக் கொண்டுபோய் வைச்சும் ஒருக்கா எடுங்கோ.

ஒட்டுசுட்டான்வளவு:
எடுத்தாச்சு. சோகேசுக்கு மேல: ஆர்எஸ்ஆர்பி -112, எஸ்ஐஎன்ஆர் 2. முற்றத்தில தண்ணித் தாங்கிக்கு மேல: -97, 11. வயரில வேகம் விடிய 21 எம்பிபிஎஸ், இரவில 6.

முறிகண்டிவயர்:
பார்த்தியளோ, சதம் செலவில்லாமல் 15 டெசிபெல். வந்து சேருற சக்தி கிட்டத்தட்ட 30 மடங்கு கூடியிருக்கு. அதைத் தின்னுறது சுவரும் தகரமும். கடையில விக்கிற அன்ரனா பெட்டியில என்ன எழுதியிருந்தாலும் 15 டெசிபெல் உண்மையாத் தாறது அருமை.

இரவில 6க்கு விழுறது டவரில சனம் கூடுறதால. அதை அன்ரனா முழுக்க மாத்தாது. ஆனால் எஸ்ஐஎன்ஆர் கூடினால் உங்களுக்குக் கிடைக்கிற அதே பங்குக்குள்ள கூடத் தரவு ஏறும். ரவுட்டர் விட்டால் டவரோட கதைக்கிற அலைவரிசையை பாண்ட் 3 (1800 மெகாஹேர்ட்ஸ்), பாண்ட் 8 (900), பாண்ட் 40 (2300) எண்டு ஒவ்வொண்டாப் பூட்டி இரவு 9 மணிக்குப் பாருங்கோ. 900 தூரம் போகும், ஆனால் தரவு போற அகலம் குறைவு. சில வீட்டு இன்ரநெற் பொதிகள் குறிப்பிட்ட டவருக்கே கட்டியிருக்கும். அப்படியெண்டால் டவர் மாத்தப் பார்த்துப் பிரயோசனம் இல்லை.

பனங்கூடல்:
அன்ரனா வாங்கிறதெண்டால் வயரில ஏமாறாதேங்கோ. கூட வாற மெல்லிய ஆர்ஜி-58 வயர் 1800இல மீற்றருக்கு ஒரு டெசிபெல் அளவு தின்னும். 10 மீற்றர் இழுத்தால் அன்ரனா தந்ததெல்லாம் வயரோட போச்சு. எல்எம்ஆர்-400 மாதிரித் தடிச்சது அதே தூரத்துக்கு 2 டெசிபெல்தான், ஆனால் விலை. 4ஜிக்கு ரெண்டு வயர் வேணும், ஒண்டு +45, மற்றது -45 பாகையில பார்க்கிற அன்ரனா. ஒரு வயர் மட்டும் கொழுவினால் ஒரு காலில நடக்கிற கதைதான்.

ரவுட்டரின்ர பின்பக்கத்தையும் பாருங்கோ. சிம் பக்க அன்ரனாத் துளை எஸ்எம்ஏ, வைபை அன்ரனாவுக்கு ஆர்பி-எஸ்எம்ஏ. மரை ரெண்டிலயும் ஒண்டுதான், சுத்தினால் ஏறும். உள்ளுக்கு ஊசி ஊசியோட முட்டும், இல்லாட்டி ஓட்டை ஓட்டையோட நிக்கும். சிக்னல் வராது, ஆள் அன்ரனாவைத்தான் பேசுவார்.

என்ர எண்ணத்தில வயர் அன்ரனாவே வேண்டாம். வெளியில மாட்டுற 4ஜி ரவுட்டர் இருக்கு, அன்ரனாவும் மோடமும் ஒரே பெட்டிக்குள்ள. கீழ ஒரு நெற்வேக் வயர்தான் இறங்கும், அதிலயே கரண்டும் ஏறும். 6 மீற்றர் ஜிஐ (நாகம் பூசின இரும்பு) பைப் ஒண்டு, மூண்டு பக்கம் இழுவைக் கம்பி. தேக்குக்குப் பின்னால நடாதேங்கோ. கோடையில இலை கொட்டி நிக்கேக்க சிக்னல் வடிவா இருக்கும், மாரியில தழைச்சு நனைஞ்சால் இறங்கும். திசையை 10 பாகை 10 பாகையாத் திருப்பி, ஒவ்வொரு முறையும் ஒரு நிமிசம் பொறுத்து எஸ்ஐஎன்ஆரைப் பாருங்கோ, ஆர்எஸ்ஆர்பியை இல்லை.

முறிகண்டிவயர்:
அதோட நான் ஒத்துப்போறன். இனிக் கொட்டில். வெயிலுக்குத் தாங்கிற கறுப்புத் தோல் கற்-6 நெற்வேக் வயர், முழுச் செம்பு. அலுமினியத்துக்குச் செம்பு பூசினது மலிவு, ஆனால் கரண்டும் சேர்த்து அனுப்பினால் வழியில வோல்ற்று விழும். முக்கால் அங்குல பிவிசி பைப்புக்குள்ள விடுங்கோ, அணிலுக்கு வயர் எண்டால் முறுக்கு மாதிரி. 100 மீற்றர் வரை போகும், உங்களுக்கு 40 காணும். கொட்டிலில பழைய ரவுட்டர் ஒண்டை வையுங்கோ: வீட்டு ரவுட்டர் 192.168.1.1 எண்டால் அதுக்கு 192.168.1.2 எண்டு விலாசம் (192.168.8.1 எண்டால் 192.168.8.2), டிஎச்சிபியை (விலாசம் பங்கிடுற வேலையை) நிப்பாட்டுங்கோ, வயரை லான் (வீட்டுக் கருவிகளுக்கான) துளையில கொழுவுங்கோ, வான் (இன்ரநெற் வாற) துளையில இல்லை. பேரும் கடவுச்சொல்லும் ரெண்டிலயும் ஒண்டு. வைபை சனல் வீட்டில 1, கொட்டிலில 11, அகலம் 20 மெகாஹேர்ட்ஸ்.

மாங்குளம்சந்தி:
ரெண்டு கட்டடத்துக்கு நடுவில செம்பு வயர் எண்டதும் எனக்குப் பயம். ஐப்பசி இடி, பங்குனி சித்திரைப் பின்னேர இடி, ரெண்டும் எங்கட பக்கம் தெரிஞ்சதுதானே. மின்னல் கிட்ட விழுந்தால் வீட்டு எர்த்துக்கும் கொட்டில் எர்த்துக்கும் இடையில வாற வித்தியாசம் அந்த வயராலதான் ஓடும். கரண்ட் பிளக்கை மட்டும் கழட்டிப்போட்டு நெற்வேக் வயரை விட்டிட்டு இருந்தால் ரவுட்டர் ரெண்டும் எரியும்.

பைபர் போடுங்கோ, அது வெளிச்சத்தில தரவு போற கண்ணாடி இழைக் கேபிள், இழையில கரண்ட் ஓடாது. மீடியா கொன்வேர்ட்டர் (நெற்வேக் வயர்ச் சிக்னலை வெளிச்சமாக்கிற பெட்டி) ஒரு சோடி, ரெண்டு பக்கமும் எஸ்சி தலை போட்ட ட்ரொப் கேபிள் (வெளியில இழுக்கிற மெல்லிய பைபர் கேபிள்). ஒற்றை இழையெண்டால் சோடியில ஒண்டு ஏ, மற்றது பி ஆக இருக்க வேணும், ரெண்டும் ஏ எண்டால் லைற்றே எரியாது. கேபிளோட ஒட்டி வாற இழுவைக் கம்பி உருக்கு. அதைக் கட்டடத்துக்கு வெளியில வெட்டி விடுங்கோ, இல்லாட்டி திரும்ப உலோகம்தான். உள்ளுக்குள்ள பலத்துக்குப் போட்டிருக்கிறதும் உலோகமில்லாத பைபர்கிளாஸ் கம்பியா எண்டு கேட்டு வாங்குங்கோ. ஜிஐ பைப்பைத் தடிச்ச செம்புக் கம்பியால வீட்டு மெயின் எர்த்தோட சேருங்கோ, தனியா நிலத்தில ஒரு எர்த் கூர் அடிச்சு விடாதேங்கோ.

ஒட்டுசுட்டான்வளவு:
நன்றி அண்ணையவை. பைபர்தான் போடுறன். கரண்ட் போகேக்க?

பனங்கூடல்:
12 வோல்ற் மினி யூபிஎஸ் (கரண்ட் நிண்டால் ரவுட்டரை ஓட்டுற சின்ன பற்றரிப் பெட்டி). உங்கட அடப்டரில 1 அம்பியரா 2 அம்பியரா எண்டு பார்த்து அதுக்குக் குறையாமல் எடுங்கோ. பெட்டியில 8,800 மில்லிஅம்பியர்மணி எண்டிருந்தால் அது 3.7 வோல்ற்றுக்கு, அதாவது 32 வாற்றுமணி. 8 வாற் ரவுட்டருக்கு நட்டம் போக மூண்டு மணித்தியாலம் சொச்சம். கொட்டிலிலயும் ஒண்டு வேணும், கொன்வேர்ட்டர் ரெண்டுக்கும் கரண்ட் வேணுமெண்டதை மறந்திடாதேங்கோ. கொன்வேர்ட்டர் அநேகமா 5 வோல்ற், 12ஐக் கொழுவினால் புகைதான்.