ஏஆர் பிஸ்டல் கட்டலாமா? முதலில் விசாவைப் பாருங்கள்

கேள்வி: அண்ணா, எச்-1பியில் டாலஸ் பக்கம் ஃபிரிஸ்கோவுக்குப் புதிதாக வந்திருக்கிறேன். ஆபீஸில் ஒரு அமெரிக்க நண்பர் பாகம் பாகமாக வாங்கி ஏஆர் பிஸ்டல் (ஏஆர்-15 ரைஃபிளைப் போன்ற, குட்டைக் குழல் துப்பாக்கி) ஒன்றைக் கட்டிக்கொண்டிருக்கிறார். சனிக்கிழமை சுட்டுப் பழகும் ரேஞ்சுக்குக் கூப்பிடுகிறார். “டெக்சாஸில் இதெல்லாம் சாதாரணம், நீயும் ஒன்று கட்டு” என்கிறார். கட்டலாமா?

தம்பி, அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு அது சாதாரணம்தான், உங்களுக்கு இல்லை. எச்-1பி, எச்-4, எல்-1, எஃப்-1, பி-2 என்று தற்காலிக விசாவில் உள்ளே வந்தவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது என்பது ஃபெடரல் சட்டம். டெக்சாஸ் எவ்வளவு தாராளமாக இருந்தாலும் அதை மீற முடியாது. விலை கொடுத்து வாங்கினால்தான் குற்றம் என்றும் இல்லை. ரேஞ்சில் வாடகைக்கு எடுத்து அரை மணி நேரம் சுட்டாலும் ‘வைத்திருந்ததாக’த்தான் கணக்கு. 2022-ல் திருத்திய பிறகு இதற்கு 15 ஆண்டு வரை சிறை உண்டு. உங்கள் விசா நிலை தெரிந்தே கையில் கொடுத்தால் நண்பரும் மாட்டுவார்.

யாரையாவது இதற்காகப் பிடித்திருக்கிறார்களா என்று கேட்பீர்கள். ஹமீத் ரெஹைஃப் என்ற எமிரேட்ஸ் மாணவரின் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. ஃப்ளோரிடாவில் படித்தார், மதிப்பெண் போதாமல் பல்கலைக்கழகம் அனுப்பிவிட்டது, மாணவர் நிலை போய்விட்டது. அப்புறம் ரேஞ்சுக்குப் போய்ச் சுட்டார். அவ்வளவுதான், வழக்கு, 18 மாதத் தண்டனை. 2019-ல் உச்ச நீதிமன்றம், தடை செய்யப்பட்ட நிலையில் தான் இருப்பது அவருக்குத் தெரிந்திருந்தது என்பதையும் அரசு நிரூபிக்க வேண்டும் என்று சொல்லித் தண்டனையை ரத்து செய்தது. அந்தத் தீர்ப்பு உங்களைக் காப்பாற்றாது. எச்-1பியில் இருப்பது எனக்குத் தெரியாது என்று எந்த நீதிபதியிடம் சொல்வீர்கள்?

இதற்கு ஒரு விதிவிலக்கு இருக்கிறது, பலரும் அதைத்தான் காதில் ஓதுவார்கள். அமெரிக்காவின் ஏதாவது ஒரு மாநிலம் கொடுத்த, காலாவதியாகாத வேட்டை உரிமம் இருந்தால் தடை விலகும். உண்மைதான். வாங்கும்போது கடையில் நிரப்பும் 4473 படிவத்தோடு அந்த உரிமத்தையும் காட்ட வேண்டும். ஆனால் டெக்சாஸ் வேட்டை உரிமம் ஆகஸ்ட் 31-ஆம் தேதியோடு முடிகிறது. நீங்கள் புதுப்பிக்க மறந்தால், செப்டம்பர் முதல் தேதி காலையில் அலமாரியில் சும்மா கிடக்கும் துப்பாக்கியே குற்றப்பொருள். கிரீன் கார்டு வரிசையில் நிற்கும் ஒருவர் இந்த நூலிழையைப் பிடித்துக்கொண்டு தொங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. ஐ-140 (கம்பெனி போடும் கிரீன் கார்டு மனு) ஒப்புதல் ஆகிவிட்டது, இஏடி (வேலை அனுமதி அட்டை) கையில் இருக்கிறது என்பதெல்லாம் கிரீன் கார்டுக்கு ஈடாகாது. கார்டு வரட்டும். அதுவரை நண்பர் சுடட்டும், நீங்கள் வீட்டில் பிரியாணி செய்து வையுங்கள்.

கேள்வி: எனக்குக் கிரீன் கார்டு இருக்கிறது. அப்படியானால் கவலை இல்லைதானே?

வாங்கலாம், கட்டலாம். கவலை மட்டும் போகாது. துப்பாக்கிச் சட்டத்தை மீறித் தண்டனை பெற்ற, குடியுரிமை இல்லாத எவரையும் நாடு கடத்தலாம் என்று குடியேற்றச் சட்டத்தில் தனிப் பிரிவே இருக்கிறது. பக்கத்து வீட்டு அமெரிக்கர் ஒரு பாகத்தைத் தப்பாக மாட்டினால் அவருக்கு வக்கீல் செலவு, ஜெயில். நமக்கு அதற்கு மேல் சென்னைக்கு ஒருவழி டிக்கெட்டும் உண்டு. ஏஆர் பிஸ்டலில் அப்படித் தப்பாக மாட்டுவது ரொம்ப சுலபம் என்பதால்தான் இவ்வளவு சொல்கிறேன்.

16 அங்குலத்துக்குக் குறைந்த பேரலும் (குழல்), தோளில் வைத்துச் சுடும் ஸ்டாக்கும் ஒரே துப்பாக்கியில் சேர்ந்தால் அது ‘ஷார்ட் பேரல் ரைஃபிள்’. 1934-ஆம் ஆண்டின் தேசியத் துப்பாக்கிச் சட்டத்தின் கீழ் முன்கூட்டியே பதிவு செய்தாக வேண்டும். பதிவு இல்லாமல் வைத்திருந்தால் 10 ஆண்டு வரை சிறை. ஸ்டாக் இல்லாவிட்டால் அதே குட்டைப் பேரலோடு அது பிஸ்டல், பதிவு வேண்டாம். ஸ்டாக்கை மாட்டுவது ஒரு நிமிட வேலை, பிஸ்டலில் மாட்டத்தான் வைத்திருக்கிறீர்கள் என்று சந்தேகம் வரும். அதனால் வீட்டில் ரைஃபிள் இல்லாதவர், ‘ஆஃபரில் கிடைத்தது’ என்று உபரி ஸ்டாக் ஒன்றை வாங்கிப் பெட்டியில் போட்டு வைக்க வேண்டாம். இதே போல மொத்த நீளம் 26 அங்குலத்துக்குக் குறைந்த பிஸ்டலின் முன்பக்கம் செங்குத்துக் கைப்பிடி மாட்டினாலும் அது பதிவு செய்ய வேண்டிய இன்னொரு வகைக்குள் போய்விடும். கடையில் அந்தக் கைப்பிடியைச் சிப்ஸ் பாக்கெட் மாதிரி தொங்கவிட்டிருப்பார்கள், யாரும் எச்சரிக்க மாட்டார்கள்.

சட்டத்தின் கண்ணில் ‘துப்பாக்கி’ என்பது வரிசை எண் பொறித்த லோயர் ரிசீவர், அதாவது ட்ரிகர் உட்காரும் கீழ்ப்பகுதிதான். உரிமம் பெற்ற கடை வழியாக, 4473 நிரப்பி, பின்னணிச் சோதனை முடிந்துதான் அது கைக்கு வரும். வெறும் ரிசீவராக வாங்கினாலும் வயது 21 ஆகியிருக்க வேண்டும். பேரல், அப்பர் (மேல்பகுதி) எல்லாம் தபாலில் வீட்டு வாசலுக்கே வந்துவிடும். அந்த லோயரை முதன்முதலில் எதுவாகக் கட்டினீர்கள் என்பது முக்கியம். முதலில் பிஸ்டலாகக் கட்டியதைப் பின்னால் ரைஃபிளாக மாற்றித் திரும்பப் பிஸ்டலாக்கலாம். முதலில் ரைஃபிளாக இருந்ததைப் பதிவில்லாமல் பிஸ்டலாக்கக் கூடாது. அதனால் பழைய ரைஃபிளைப் பிரித்து மிச்சம் பிடிக்கும் யோசனை வேண்டாம். புது லோயர் வாங்குங்கள், ரசீதை வையுங்கள், பிஸ்டலாகக் கட்டியதும் தேதி தெரிய ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். பாதி கடைந்த, எண்ணில்லாத லோயர் பக்கமே போகாதீர்கள்.

என்னைக் கேட்டால், முதல் தடவை தொழிற்சாலையிலேயே பிஸ்டலாகக் கட்டி வந்ததை வாங்குவது நல்லது. பாகம் வாங்கிக் கட்டுவதில் பெரிதாக மிச்சமும் ஆகாது.

குண்டு அளவைப் பற்றி ஒரு வார்த்தை. ஏஆரில் வழக்கமாகப் போடும் 5.56 தோட்டா நீளப் பேரலுக்கு என்று செய்தது. ஏழு, எட்டு அங்குலத்தில் சத்தமும் நெருப்பும்தான் மிஞ்சும், வேகம் போய்விடும். 300 பிளாக்கவுட் என்ற தோட்டா குட்டைப் பேரலுக்கு ஒத்துப்போகும். ஆனால் இரண்டுக்கும் ஒரே மேகசின் (தோட்டா அடுக்கும் பெட்டி), ஒரே போல்ட். 300 தோட்டா தவறி 5.56 துப்பாக்கியில் ஏறிச் சுட்டால் துப்பாக்கி முகத்துக்கு நேரே வெடித்துச் சிதறும். இரண்டும் வைத்திருப்பவர்கள் மேகசினுக்குக் கலர் டேப் ஒட்டி வைப்பார்கள்.

கேள்வி: பிரேஸ் மாட்டலாமா, கூடாதா? ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

சொன்ன எல்லோரும் ஏதோ ஒரு வருடத்தில் சரியாகத்தான் சொல்லியிருப்பார்கள். முன்கையில் கட்டிக்கொள்ளும் இந்தப் பட்டை 2012-ல் வந்தது, கை பலவீனமானவர்கள் ஒரு கையால் சுடுவதற்காக. 2023 ஜனவரியில் துப்பாக்கிகளைக் கண்காணிக்கும் ஃபெடரல் அமைப்பான ஏடிஎஃப், பெரும்பாலான பிரேஸ் பிஸ்டல்களை ஷார்ட் பேரல் ரைஃபிளாகக் கருதும் விதி போட்டது. 2024 ஜூனில் டெக்சாஸில் ஒரு ஃபெடரல் நீதிமன்றம் அந்த விதியை ரத்து செய்தது. விதி போனாலும் 1934 சட்டம் அப்படியே இருக்கிறது. பிரேஸ் என்று பெயர் வைத்து ஸ்டாக்கையே மாட்டினால் வம்புதான். இந்த இழுபறி பிடிக்காதவர்களுக்கு இன்னொரு வழி: 2026 ஜனவரி 1 முதல் ஷார்ட் பேரல் ரைஃபிளுக்கான 200 டாலர் வரி பூஜ்யம் ஆகிவிட்டது. பதிவு மட்டும் உண்டு. ஃபார்ம் 1 என்ற பதிவு விண்ணப்பம் போட்டு, ஒப்புதல் வந்த பிறகு ஸ்டாக் மாட்டுங்கள், அதற்கு முன்னால் அல்ல.

கேள்வி: அடுத்த புராஜெக்ட் நியூ ஜெர்சி எடிசனில். கூடவே எடுத்துப் போகலாமா?

வேண்டாம். நியூ ஜெர்சி, நியூயார்க், கலிஃபோர்னியா, 2023 ஜனவரிக்குப் பிறகு இல்லினாய் எல்லாம் இந்த வகையைத் தடை செய்த மாநிலங்கள். காரில் கடந்து போவதற்கு ஃபெடரல் பாதுகாப்பு உண்டு என்றாலும், கிளம்பும் இடம், போய்ச் சேரும் இடம் இரண்டிலும் சட்டப்படி இருந்தால்தான் அது பொருந்தும். கிளம்பும் முன் டெக்சாஸிலேயே கடையில் விற்றுவிடுங்கள்.

அப்புறம், யாரும் கேட்கவில்லை என்றாலும் சொல்கிறேன். ஊரிலிருந்து அப்பா, அம்மா பி-2வில் வந்து ஆறு மாதம் தங்குவார்கள். துப்பாக்கிப் பெட்டகத்தின் சாவியையோ நம்பரையோ அவர்களிடம் கொடுக்காதீர்கள், தடை அவர்களுக்கும் உண்டு. டெக்சாஸில் 17 வயதுக்குக் குறைந்த பிள்ளையின் கைக்கு எட்டும்படி தோட்டா போட்ட துப்பாக்கியை வைத்திருப்பதும் குற்றம். கஞ்சா உங்கள் மாநிலத்தில் கடையில் விற்றாலும் அதைப் பயன்படுத்துகிறீர்களா என்று 4473 கேட்கும், பொய் சொன்னால் அது தனி வழக்கு.

ஊருக்குப் போகும்போது ரேஞ்சுக்குக் கொண்டுபோகும் பையில் துணி அடுக்காதீர்கள். அடி மடிப்பில் ஒரே ஒரு தோட்டா கிடந்தாலும் இந்திய விமான நிலையத்தில் ஆயுதச் சட்டப்படி வழக்கு போடுவார்கள்.